முதல் பந்தி

அவர் தம் வாழ்நாளில் ஒரு திரைப்படத்தைக்கூட முழுமையாகப் பார்த்தவர் அல்லர். ஆயினும் திருவனந்தபுரத்தில், ஒருவரும் பேசாத, ஒன்றும் நிகழாத, முடிந்த பிறகும் முடிந்ததாகத் தோன்றாத படங்களை இறுதிவரை பார்த்தவர்கள் என்று ஒரு கூட்டம் இருக்குமானால், அக்கூட்டத்தில் கணிசமானவர்களை உட்கார வைத்தவர் அவரே. உட்கார வைத்தவர் என்பதை நான் அணியாகச் சொல்லவில்லை. தோளைத் தொட்டு, நாற்காலியைக் கைகாட்டி, அமரும்வரை பக்கத்தில் நின்று, அமர்ந்த பிறகே அடுத்தவரிடம் போவார்.

முதுகலை இலக்கியம் படித்த காலத்தில் நான் சனிக்கிழமைகளில் தன்னார்வலராக வேலை செய்த ஓவிய அருங்காட்சியகத்தில்தான் அவரை அறிந்தேன். நகரத்தில் மியூசியம் என்று ஆட்டோக்காரரிடம் சொன்னால் அவர் கொண்டு சேர்க்கும் இடம் பூங்காவும் மிருகக்காட்சி சாலையும் உள்ள பெரிய வளாகம். எங்களுடையது அதுவன்று. ஓர் அறக்கட்டளையின் பொறுப்பில், சந்துக்குள், ஒரு பல் மருத்துவமனைக்கும் பாதி எழும்பிய அடுக்குமாடிக் கட்டடத்துக்கும் நடுவில் இருந்தது. அதற்கு முன்பு அந்த வீடு கல்யாண மண்டபமாக இருந்திருக்கிறது. மண்டபத்தை நடத்திய குடும்பத்தின் அடுத்த தலைமுறைக்குக் கல்யாணங்களைக் காட்டிலும் ஓவியங்களில் நாட்டம் ஏற்பட்டது. மணமேடை இருந்த இடத்தில் எண்ணெய் ஓவியங்கள் ஏறின. மணமகள் அறையில் வெண்கலச் சிற்பங்கள் குடியேறின. சாப்பாட்டுக் கூடத்தில் வெள்ளைத் திரையும் நாற்காலிகளும் வந்தன. சமையல்காரர்கள் போனார்கள், உருளிப் பாத்திரங்கள் விலைபோயின, பந்தி மேற்பார்வை செய்துகொண்டிருந்த அவரை மட்டும் யாரும் போகச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. புதிய ஏற்பாட்டில் அவருக்கு 'நிகழ்ச்சி உதவியாளர்' என்று பெயர் வைத்தார்கள்.

கூடத்தின் பக்கச் சுவரில் கை கழுவும் தொட்டிகள் அப்படியே வரிசையாக இருந்தன. குழாய்களில் தண்ணீர் வராது. வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் அவற்றின் முன் நெடுநேரம் நின்று, படமெடுக்க அனுமதி உண்டா என்று கேட்டுப் புகைப்படம் எடுத்துக்கொண்டு போனார். அவர் போன பிறகு நம்மவர் என்னிடம் கேட்டார்: "அவரு என்னத்த பாத்தாரு அங்க?"

"நிறுவல் கலைன்னு நினைச்சிருப்பார் அக்கா."

"கை கழுவுத எடம் பிள்ளே அது. சொல்லியிருக்கலாம்லா? பாவம், அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்தது."

அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர். கல்யாணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்தவர். மலையாளத்தில் பேசத் தொடங்கித் தமிழில் முடிப்பார். சில சமயம் மறுதலையாகவும் நடக்கும். கேட்பவர் எந்த மொழிக்காரராயினும் சொல்லவந்தது போய்ச் சேர்ந்துவிடும். ஏனெனில் பெரும்பாலும் அவர் சொல்லவந்தது ஒன்றே: அங்கே இடம் கிடக்கிறது, போய் உட்காருங்கள்.

நான் முதன்முதலில் அங்கே போனது பார்வையாளராக. கடைசி வரிசையில், சுவரோரம், எனக்கும் அடுத்தவருக்கும் இடையே நாகரிகமான தொலைவு இருக்கும்படி ஒரு நாற்காலியைத் தேர்ந்து அமர்ந்தேன். படம் தொடங்கச் சற்று முன்பு தோளில் ஒரு விரல்.

"பிள்ளே, என்னத்துக்கு ஒத்தைக்கு இருக்க? வீட்டுல யாருக்கும் ஒண்ணும் இல்லல்லா?"

"இல்லை. எனக்கு இங்கே இருந்தால் போதும்."

"ஒனக்குப் போதும். வரிசைக்குப் போதாதுல்லா? எழும்பு, முன்ன ரெண்டாம் வரிசையில ஒரு எடம் கெடக்கு."

அந்த இடம், ஓய்வுபெற்ற ராணுவ வீரர் ஒருவருக்கும் முறுக்குப் பொட்டலம் வைத்திருந்த ஒரு பெண்மணிக்கும் நடுவில் இருந்தது. ஒன்றரை மணி நேரம் நான் இருவர் முழங்கைகளுக்கிடையே பனிப்பிரதேசக் குதிரை ஒன்றின் துயரத்தைப் பார்த்தேன். இடையில் பெண்மணி முறுக்கு நீட்டினார். வாங்காவிட்டால் குதிரை மறைக்கப்படும் என்று தோன்றியதால் வாங்கிக்கொண்டேன்.

பந்தியின் சட்டங்களை நான் அவரிடமிருந்துதான் முழுமையாக அறிந்தேன். வரிசை ஒரு முனையிலிருந்து நிரம்ப வேண்டும். முதல் வரிசை நிறையாமல் இரண்டாம் வரிசைக்கு ஆள் போகக் கூடாது. நடுவில் ஓர் இலை காலியாகக் கிடந்தால் விளம்பத் தொடங்கக் கூடாது. விளம்புதல் என்றால் எங்கள் பக்கத்தில் பரிமாறுதல். உட்கார்ந்தவர், வரிசையின் கோடியில் இருப்பவர் எழும்வரை எழக் கூடாது. முன்னதாக எழுவது பக்கத்து இலைக்காரரை அவமதிப்பதாகும். இவற்றுள் எதையும் அவர் திரைப்படத்துக்காக மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்று அவருக்குத் தோன்றவுமில்லை. கூடம் அதே கூடம், வருகிறவர்கள் அதே ஊர் மனிதர்கள், பரிமாறப்படும் பொருள்தான் வேறு.

ஆகவே படம் முடிந்து வெளியே வருகிறவர்களை அவர் வாசலில் நின்று கேட்கும் கேள்வியும் மாறவில்லை. "நெறஞ்சுதா?" கேரளத்தின் மரியாதைக்குரிய திரை விமரிசகர் ஒருவர், தாடியைத் தடவியபடி, இக்கேள்வியின் முன் ஒரு நிமிடம் திகைத்து நின்றதைக் கண்டிருக்கிறேன். "பாதி," என்றார் கடைசியில். நம்மவர் அதை அப்படியே அடுத்த மாதப் படத் தேர்வுக் கூட்டத்தில் சாயா கொண்டு வைக்கையில் சொன்னார்: "போன படத்துல பாதிதான் நெறஞ்சுதுன்னு தாடிக்காரரு சொன்னாவ. உப்பு கொறவா இருந்திருக்கும்." கூட்டத்திலிருந்த ஒருவரும் மறுக்கவில்லை.

என் கையெழுத்து தெளிவாக இருக்கிறது என்று கண்டுபிடித்தவரும் அவரே. வாசல் பலகையில் வரவிருக்கும் நிகழ்ச்சிகளை மூன்று மொழிகளில் எழுதும் பொறுப்பு அவ்வாறு எனக்கு வந்தது. மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை திரையிடல். கடைசிச் சனிக்கிழமை, ஓவியர்களும் ஊராரும் சேர்ந்திருந்து வரைந்து பேசிக் கலையும் நட்பு மாலை. ஒருமுறை நான், "காத்திருத்தலின் காலவெளியை ஆராயும் திரைப்படம். தொடர்ந்து கலந்துரையாடல். தேநீர் உண்டு" என்று எழுதியிருந்தேன். வாசித்துக் காட்டச் சொன்னார்.

"இதைக் கேட்டா நானே வரமாட்டேன் பிள்ளே."

"வேறு எப்படி எழுதுவது?"

"சாயாவும் பழம்பொரியும் உண்டுன்னு மேல போடு. படம் அடியில கெடக்கட்டு."

"இது கலைக்கூடத்து அறிவிப்பு அக்கா. வாழைப்பழப் பஜ்ஜியை முதலில் எழுதினால் நன்றாயிராது."

"கல்யாணக் கார்டுல சாப்பாடு உண்டுன்னு எழுத மாட்டாவ. ஏன் எழுத மாட்டாவ? எழுதாட்டாலும் ஆளு வரும். இங்க வருமா?"

நாங்கள் உடன்பட்ட வடிவத்தில் பழம்பொரி நடுவில் நின்றது, காலவெளி அடியில் கிடந்தது.

ஆயினும் அறிவிப்பை மட்டும் நம்பி அவர் ஒருபோதும் இருந்ததில்லை. வரிசையில் இடம் காலியாயிருந்தால் அவருடைய பார்வை முதலில் பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறைக்குப் போகும். அங்கே ஆளில்லை என்றால் அடுக்குமாடிக் கட்டடத்துக்கு. அங்கே வேலை செய்தவர்கள் வள்ளியூர், பணகுடிப் பக்கத்துக் கொத்தனார்கள். சனிக்கிழமை மாலை கூலி வாங்கிக் கை கால் கழுவிக்கொண்டிருப்பார்கள். இவர் மதிலுக்கு மேலாக எட்டிக் கூப்பிடுவார்.

"மக்கா, ஒரு நாலு பேரு வாங்க. படம் தொடங்கப் போகு."

"சண்டை உண்டா அக்கா?"

"இருந்து பாத்தாத்தானே தெரியும். ஏசி உண்டு."

அவர்களில் மூத்த மேஸ்திரி ஒருவர், முதல் நாள், ஒரு மூதாட்டி தன் வீட்டு ஜன்னலைத் திறந்து மூடும் படத்தின் ஐந்தாம் நிமிடத்தில் உறங்கி, நேராக நிமிர்ந்த நிலையில், ஓசையே எழுப்பாமல், இறுதிவரை உறங்கினார். வெளியே வரும்போது முகம் தெளிந்திருந்தது. "நல்ல படம்க்கா," என்றார். "அடுத்த மாசமும் இதான் உண்டா?" அதன்பின் அவரைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. தம் ஆட்களையும் சேர்த்துக்கொண்டு, தலைவாரித் திருநீறு பூசி, தாமே வந்துவிடுவார்.

மிருகக்காட்சி சாலைக்குப் புறப்பட்டு வழிதவறி எங்கள் வாசலில் வந்து நின்ற குடும்பங்களின் கதை தனி. அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள்; நீர்யானை எங்கே என்று கேட்டார்கள். உள்ளே மூன்றாம் வரிசையில் சரியாக நான்கு இடம் காலி. நம்மவர் முகத்தில் ஒரு தெய்வ நம்பிக்கை தோன்றியதை நான் பார்த்தேன்.

"நீர்யானை எங்கயும் போகாது. இருந்து இளைப்பாறிட்டுப் போங்க," என்றார்.

ஓர் ஓவியரின் இறுதி ஆண்டுகளைப் பற்றிய ஆவணப்படம் அது. இளைய குழந்தை மட்டும் இடையிடையே, "இப்ப வருமாப்பா?" என்று கேட்டுக்கொண்டிருந்தது.

நட்பு மாலைகளில் அவருடைய நெறி இன்னும் கூர்மையாக வேலை செய்தது. நகரத்தின் அரூப ஓவியர்கள் இருவர் பல ஆண்டுகளாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர்கள். ஒருவர் கிழக்கு வாசல் வழியாக வந்தால் மற்றவர் மேற்கு வாசல் வழியாகப் போய்விடுவார். இந்த ஏற்பாட்டை ஊரே மதித்து நடந்தது. நம்மவருக்கு இது தெரியாது என்று சொல்ல முடியாது. நானே சொல்லியிருந்தேன். ஆனால் அன்று வரிசையில் ஒரே ஓர் இடம்தான் காலியாயிருந்தது. இரண்டாமவரைக் கொண்டுவந்து முதலாமவர் பக்கத்தில் அமர்த்தி, இருவருக்கும் பொதுவாக ஒரு தட்டுப் பழம்பொரியை வைத்துவிட்டுப் போனார். சமாதானம் ஒன்றும் நேரவில்லை. அவர்கள் மாலை முழுவதும் தாழ்ந்த குரலில் சண்டையிட்டார்கள். ஆனால் வரிசையின் கோடியில் இருந்தவர் எழாததால் அவர்களாலும் எழ முடியவில்லை. இடையில் நிறுத்தி வைத்த சண்டையை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சொல்லித் தீர்க்க அவர்களுக்கு வாழ்க்கையில் முதன்முறையாக நேரம் கிடைத்தது.

"ரெண்டு பேரும் இவ்வளவு நேரம் பேசினாவ பாத்தியா," என்றார் அவர் நிறைவோடு.

எல்லாரும் இதை ரசித்தார்கள் என்று நான் எழுதினால் அது பிழையாகும். டிசம்பரில் ஊரெங்கும் நடக்கும் திரைப்பட விழாவில் தரும் துணிப்பையை ஆண்டு முழுவதும் தோளில் மாட்டியிருக்கும் இளைஞர்கள் சிலர் எங்கள் திரையிடல்களுக்கு ஒழுங்காக வருவார்கள். படம் பார்த்தல் என்பது தனிமையின் அனுபவம் என்பது அவர்களுடைய கொள்கை. அந்தத் தனிமைக்கு இரு புறமும் ஒவ்வொரு காலி நாற்காலி தேவைப்பட்டது. கொத்தனாரின் தோளும் நீர்யானைக் குழந்தையின் கேள்வியும் அதற்கு ஒத்துவருபவை அல்ல. ஒருநாள் அவர்கள் ஒன்றாகச் சென்று அறக்கட்டளையின் செயலாளரிடம் முறையிட்டார்கள். தனிமையைக் கேட்க அவர்கள் கூட்டமாகப் போனது செயலாளருக்கு வினோதமாகப் படவில்லை.

செயலாளர் ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. நகரத்தின் தமிழ் அக்ரகாரமான வலியசாலையில் பிறந்து வளர்ந்தவர். வீட்டுத் தமிழும் அலுவலக மலையாளமும் பிரித்தறிய முடியாதபடி அவரிடம் கலந்திருந்தன. கண்டிப்பானவர் என்று பெயர். நம்மவரை அழைத்து நிறுத்தினார். நான் அறிவிப்புப் பலகையோடு பக்கத்தில் இருந்தேன்.

"இங்க பாருங்கோ. இது இப்ப கல்யாண மண்டபம் இல்ல. கலா மந்திரம். ஆளுகள் இஷ்டம்போல இருக்கட்டும், இஷ்டம்போல எழுந்து போகட்டும். நீங்க என்னத்துக்கு அவாளைப் பிடிச்சு நெருக்கி வைக்கறது?"

"நடுவுல எடம் கெடந்தா எப்படி சார் தொடங்கது?"

"எடம் கிடந்தா கிடக்கட்டும். அதுக்கு வயசாகுமா? வர்ற சனியாழ்ச்ச நான் பின்னாடி இருந்து பாக்கப் போறேன். நீங்க யார்கிட்டயும் ஒரு அக்ஷரம் பறயப்படாது. பறஞ்சா திங்களாழ்ச்ச முதல் ஸ்டோர்ல டியூட்டி. மனசிலாச்சோ?"

ஸ்டோர் என்பது மாடியில், காட்சிக்கு வைக்காத ஓவியங்களைத் துணி சுற்றி அடுக்கியிருக்கும் அறை. ஜன்னல் கிடையாது. ஈரப்பதத்தை அளக்கும் கருவி ஒன்று மட்டும் உயிருள்ளதுபோல் ஓசை எழுப்பும். மனித முகம் மாதத்துக்கு ஒருமுறை தென்பட்டால் அதிகம். வேறு யாருக்காயினும் அது வேலை குறைந்த, நிம்மதியான இடம். அவருக்கு அது நாடு கடத்தல். அன்று அவர் சாயாவைப் பாதியில் வைத்துவிட்டார்.

"அங்க யாரு வருவா பிள்ளே?" என்று என்னிடம் கேட்டார். "படங்களைச் சுவரப் பாத்துல்லா வச்சிருக்கு. அதுக்கும் மூஞ்சி தெரியாது."

தனிமையை விரும்புகிற நான், அவர் போய்விட்டால் என் கடைசி வரிசைச் சுவரோர நாற்காலி எனக்குத் திரும்பக் கிடைக்கும் என்பதை உணர்ந்தே இருந்தேன். ஆயினும் அவரைப் பேசாமல் பார்த்துக்கொள்வது என்று அன்றே முடிவு செய்தேன்.

அந்தச் சனிக்கிழமைப் படத்தின் இயக்குநர் இளைஞர், முதல் படம். காயலோரத்தில் ஒரு மனிதர் படகுக்குக் காத்திருக்கிறார். படகு வருவதில்லை. தயாரிப்புக்குத் தம் தாயாரின் நகைகள் போனதாக அவரே எங்களிடம் வெளிப்படையாகச் சொன்னார். அந்தத் தாயாரும் கொல்லத்திலிருந்து கசவுக் கரை வேட்டியும் நேரியது என்னும் மேல்துணியும் உடுத்து மகனோடு வந்திருந்தார். இருவரும் முதல் வரிசையில் நடுவில் அமர்ந்தார்கள். செயலாளர் கடைசி வரிசையில். மற்றவர்கள், புதிய சுதந்திரத்தின்படி, உலரப்போட்ட அப்பளங்களைப்போல ஒன்றையொன்று தொடாமல் கூடமெங்கும் அமர்ந்தார்கள். துணிப்பைக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒரு வரிசையையே எடுத்துக்கொண்டார்கள். மேஸ்திரியும் ஆட்களும் வழக்கமான இடம் தெரியாமல் சற்று நின்று, பிறகு ஆளுக்கொரு மூலைக்குப் போனார்கள்.

நம்மவர் வாசலில் நின்று முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில்.

விளக்கு அணைந்தது. காயல் தெரிந்தது. அது வெகுநேரம் தெரிந்தது.

முதலில் எழுந்து போனவர் துணிப்பைக்காரர்களில் ஒருவர். பக்கத்தில் யாரும் இல்லாததால் யாருடைய முகமும் கோணாமல் எழ முடிந்தது. போவதைத் தடுக்க ஒரு முழங்கால்கூட வழியில் இல்லை. அவரைக் கண்டு இன்னொருவர். பிறகு ஒரு தம்பதி. ஒவ்வொரு முறையும் கதவு திறந்து ஒரு கீற்று வெளிச்சம் கூடத்துக்குள் விழ, தாயார் திரும்பிப் பார்த்தார். மகன் திரும்பவில்லை, அவர் கழுத்து திரும்பக் கூடாது என்ற தீர்மானத்தில் இறுகியிருந்ததை வாசலிலிருந்தே காண முடிந்தது.

"பிள்ளே," என்றார் அவர் முந்தானைக்குள்ளிருந்து. "அந்த அம்மை ஒத்தைக்கு இருக்காவ."

"மகன் பக்கத்தில்தானே இருக்கிறார் அக்கா."

"மகன் வெளம்புகவன். வெளம்புகவன எலைக்கணக்குல எடுக்கப்படாது."

"பேசாதீங்க. சார் இருக்கார்."

தாயார் மீண்டும் திரும்பினார். இந்த முறை நெடுநேரம் பார்த்தார். நேரியதின் நுனியைச் சரிசெய்துவிட்டு, மகனின் நாற்காலிப் பக்கம் சற்று நகர்ந்து அமர்ந்தார்.

நம்மவர் என் காதருகே குனிந்தார். "ஒரு அட்சரம் பறயப்படாதுன்னுதானே சாரு சொன்னது?"

"ஆமாம்."

"கை காட்டப்படாதுன்னு சொல்லல்லல்லா?"

நான் தடுப்பதற்குள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அதன்பின் நடந்ததை நான் இருட்டில் பார்த்த அளவில் எழுதுகிறேன். முதலில் மேஸ்திரியின் மூலைக்குப் போனார். தோளில் ஒரு விரல். விழித்தவர் ஏதோ கேட்க வாயெடுத்தார். இவர் தம் உதட்டில் விரல் வைத்து, மறு கையை உள்ளங்கை மேலாக விரித்து, முதல் வரிசையைக் காட்டினார். கல்யாண வீடுகளில் உறவினரை இலைக்கு அழைக்கும் அதே கை. மேஸ்திரி எழுந்து, குனிந்து, திரையை மறைக்காமல் நடந்து, தாயாருக்குப் பக்கத்து நாற்காலியில் அமர்ந்தார். பிறகு அவருடைய ஆட்கள், ஒவ்வொருவராக. பிறகு ராணுவ வீரர். முறுக்குப் பெண்மணி. கன்னத்தில் பஞ்சு அடக்கிய பல் நோயாளி ஒருவர். எஞ்சியிருந்தவர்கள் அநேகமாக அவர் முன்பு பிடித்துவந்து பழக்கியவர்கள். அவர்களுக்கு அந்தக் கையின் பொருளை விளக்க வேண்டியிருக்கவில்லை. துணிப்பைக்காரர்களில் மிஞ்சிய ஒருவர் மட்டும் தலையை ஆட்டி மறுத்தார். நம்மவர் கையை எடுக்காமல் நின்றார். படத்தில் காத்திருந்த மனிதரின் பொறுமையை அந்தக் கை மிஞ்சியது. இளைஞர் எழுந்தார்.

முதல் வரிசை இரு புறமும் நீண்டுகொண்டே போனது. கோடியில் ஒரே ஒரு நாற்காலி மிஞ்சியது. கூடத்தில் வரிசைக்கு வெளியே மிஞ்சியவரும் ஒருவரே.

அவர் அந்த நாற்காலியைப் பார்த்தார். கடைசி வரிசையைப் பார்த்தார். போகக் கூடாது என்று நான் வாசலிலிருந்து கையசைத்தேன்; என் கை அவருடையதைப்போலப் பழகியதன்று. அவர் செயலாளரின் முன் போய் நின்றார். தோளைத் தொடவில்லை. சற்றே முதுகு வளைத்து, இரு கைகளையும் சேர்த்து நீட்டி, கோடி நாற்காலியைக் காட்டினார். பெரியவர்களை அழைக்கும் முறை அது.

செயலாளர் அவரை நிமிர்ந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அவருடைய பதவி என்ன நினைத்ததோ அறியேன். வலியசாலையில் எத்தனையோ விருந்துகளுக்குப் போய்வந்த உடம்பு, அழைத்த கைக்கு எழுந்துவிட்டது. கண்ணாடியைச் சரிசெய்தபடி நடந்துபோய்க் கோடியில் அமர்ந்தார். தாயார் இன்னும் ஒருமுறை திரும்பினார். இப்போது இரு பக்கமும் ஆட்கள் நெருங்கியிருந்ததால் பின்னால் எதுவும் தெரியவில்லை. ராணுவ வீரர் அவருக்கு வணக்கம் சொன்னார். முறுக்குப் பொட்டலம் கைமாறத் தொடங்கியது.

படம் முடிந்தது. விளக்கு எரிந்தது. யாரும் எழவில்லை.

கோடியில் செயலாளர் உறங்கிக்கொண்டிருந்தார். கைகளைக் கட்டி, மோவாயை உயர்த்தி, பார்ப்பதற்கு ஆழ்ந்த சிந்தனை என்று தோன்றும்படி. கோடி ஆள் எழாமல் வரிசை எழுவது முறையன்று. ஒவ்வொருவரும் தலையை மட்டும் சாய்த்து அந்த முனையைப் பார்த்தார்கள்; பிறகு மீண்டும் வெள்ளைத் திரையைப் பார்த்தார்கள். மேஸ்திரி தம் ஆள் ஒருவன் எழ முயன்றதைத் தொடையில் தட்டி உட்கார வைத்தார். துணிப்பை இளைஞரும், எல்லாரும் அமர்ந்திருப்பதன் காரணம் தமக்கு மட்டும் புரியவில்லை என்ற அச்சத்தில், அசையாமல் இருந்தார்.

இயக்குநர் முதன்முறையாகத் திரும்பி வரிசையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பார்த்தார். அவர் கண்கள் நிறைந்துவிட்டன. எழுந்து நின்று மலையாளத்தில் பேச முயன்றார். வேறு ஊர்களில் இந்தப் படத்தைக் காட்டியபோது, பெயர்கள் ஓடி முடிவதற்குள் எல்லாரும் ஹெல்மெட்டைத் தேடத் தொடங்கிவிடுவார்கள் என்றார். படம் முடிந்தும் ஒருவர்கூட எழாத கூடத்தைத் தாம் இன்றுதான் காண்பதாகவும் சொன்னார். இப்படியொரு ரசனையை வளர்த்தவர் யார் என்று கேட்டுக்கொண்டே, தாமே விடையும் கண்டு, கோடிக்குப் போய்ச் செயலாளரின் கையை இரு கைகளாலும் பற்றினார்.

செயலாளர் விழித்தார். வரிசை முழுவதும் தம்மை நோக்கியிருப்பதைக் கண்டார்.

"கண்ணடைச்சு ஆலோசிச்சுண்டு இருந்தேன்," என்றார்.

"மனசிலாயி சார்," என்றார் இயக்குநர், பற்றிய கையை விடாமல்.

செயலாளர் எழுந்தார். வரிசை எழுந்தது.

வாசலில் நம்மவர் தம் இடத்தில் நின்றிருந்தார். ஒரு சொல்லும் பேசக் கூடாது என்ற கட்டளை படத்தோடு முடிந்ததாக அவர் எடுத்துக்கொண்டிருக்க வேண்டும்; தாயாரின் கையைப் பிடித்துக் கேட்டார்: "அம்மே, நெறஞ்ஞோ?"

"நெறஞ்ஞு மோளே," என்றார் தாயார். "நெறஞ்ஞு."

எல்லாரும் சாயாவுக்குப் போன பிறகு செயலாளர் கடைசியாக வந்தார். நம்மவர் ஒதுங்கி நிற்கவில்லை. முகத்தில் இருந்த அச்சத்தை நான் அதற்கு முன்பும் பின்பும் கண்டதில்லை. ஆனால் குரல் திடமாக இருந்தது.

"ஸ்டோர் சாவி யாருட்ட இருக்கு சார்? திங்களாழ்ச்ச காலையில வேணும்லா."

செயலாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மீண்டும் கழற்றினார். உள்ளே இயக்குநர் எங்கள் கூடத்தைப் பற்றி யாரிடமோ தொலைபேசியில் உரக்கப் புகழ்ந்துகொண்டிருப்பது கேட்டது.

"அடுத்த மாசம்," என்றார் செயலாளர் கடைசியில், அவரைப் பார்க்காமல், "எனக்கு அந்தக் கோடி சீட்டு வேண்டாம் கேட்டேளா. எல்லாரும் நம்மளையே பாக்கறா. நடுவுல எங்கயாவது இருந்தா மதி, அது போதும்."

நம்மவருடைய முகம் பழைய நிலைக்கு, பந்தியின் தலைமாட்டில் நிற்பவரின் முகத்துக்கு, மெல்லத் திரும்பியது.

"நடுவுல வேணும்னா நேரத்தோட வரணும் சார்," என்றார். "பிந்தி வந்தா கெடக்கிற எடந்தான்."